வாசலை அடைத்த வெள்ளைக் கார்

அந்த வெள்ளைக் கார் எங்கள் வாசலை அடைத்து நின்றால், சிகிச்சைக்குப் போகும் அப்பாவின் சக்கர நாற்காலி வெளியே வராது. ஓட்டுநரை யாரும் பார்த்ததில்லை. மூன்று முறை இழுவை வண்டி காரைத் தூக்கிப் போனது. இழுவை வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அதன் கொக்கி காலியாகியிருக்கும். கார் மறுபடி எங்கள் வாசலில் நிற்கும்.

"விரட்டுனா போகாது. நிக்க இடம் குடுக்கணும்," என்றாள் அண்ணி. சாலையில் கோடு போடுவது அவள் வேலை. எதிர்ச் சுவரோரம் காரின் நீள அகலத்தை அளந்து, வெள்ளைக் கட்டம் போட்டு, நடுவில் காரின் பதிவு எண்ணை எழுதினாள்.

"காருக்குப் படிக்கத் தெரியுமா அண்ணி?"

"உங்கண்ணனைவிட நல்லாவே படிக்கும்."

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கார் கட்டத்துக்குள் நின்றது. ஈரக் கோட்டின் மேல் டயர் தடமே இல்லை. அப்பா நேரத்தோடு கிளம்பினார். ஆக, வழி இதுதான்: காரின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதன் எண்ணை எழுதிவிட்டால், அது வாசலுக்கு வராது.