சுவரோரம் நின்ற மந்திரிகள்

“மந்திரி பல்லைப் படம் புடிச்சே காலத்த ஓட்டினவர் இவர்தான், மக்களே!”

கைப்பேசியில் நேரலையைத் தட்டிவிட்டு, தானா ராத்தா ஊரிலிருந்த போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள் ரூபினி. பள்ளி முடித்த கையோடு, தோட்டத்துச் செய்திக்கென்று முகநூலில் சொந்தப் பக்கம் நடத்துகிறவள்.

மாடசாமி பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பேப்பர் நிருபர்.

“எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாடி மண்ணைத் தாங்குற சுவரு பொளந்து நிக்குது, அங்கிள். கீழ பன்னெண்டு குடும்பம். ‘விரிசல் புதுசு, நீங்க முட்டைகோஸ் நட்டதால வந்தது’ன்னு காலைல தோட்டத்து ஆபிஸ்ல கைய விரிச்சுட்டாங்க. பழசுன்னு காட்டினாத்தான் கட்டித் தருவாங்களாம். நீங்க அப்பவே ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?”

“எழுதினேன். பேப்பர்ல போடல.”

“நல்ல சாக்குலா! இப்ப ஆட்சி மாறி நாங்க எல்லாம் பேசறோம். அப்ப வாயைத் திறக்காதவங்க மூஞ்சியையும் ஊரு பாக்கட்டும்.”

அவர் கேமராவை மறைக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு பைலை எடுத்து நீட்டினார்.

“அவங்க போட்டது இவ்வளவுதான்.”

ரூபினி ஒவ்வொரு பத்திரிகை நறுக்காக நேரலையில் காட்டினாள்.

“பாத்துக்குங்க! 2006, அரிசி மூட்டை. 2011, ஸ்கூல் பை. 2017, தையல் மிஷின். மந்திரிதான் மாறுறாரு, இளிப்பு மாறல. விழா நடந்தது மண்டபத்துல. இவர்தான் ‘இங்க வெளிச்சம் பத்தல, டத்தோ’ன்னு மந்திரிகிட்ட குழைஞ்சு குழைஞ்சு எங்க லயத்துக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போவாரு!”

திரையில் லயத்துத் தோழி பிரேமலாவின் கமெண்ட் வந்து விழுந்தது: ‘ஏய், மந்திரிய விடு. பின்னாடி பாரு.’

பார்த்தாள்.

2006: சுவரில் ஒரு கோடு, மந்திரியின் முழங்கால் உயரத்துக்கு.

2011: இடுப்புக்கு வந்திருந்தது.

2017: தலையைத் தாண்டியிருந்தது.

மூன்றிலும் அதே சுவர். மேலே தேதி, அச்சடித்த எழுத்தில்.

ரூபினிக்குக் காது சுட்டது. ஆனாலும் நேரலையை அணைக்கவில்லை. நறுக்குகளைக் கேமராவுக்கு இன்னும் கிட்டே பிடித்தாள்.

“மக்களே, நான் சொன்னது தப்பு. ஆபிஸ்காரங்க பாத்துக்கிட்டிருந்தா, தேதியை நல்லா படிங்க. நாளைக்கு இதை எடுத்துக்கிட்டு பன்னெண்டு குடும்பமும் வர்றோம்.”

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “வேணும்னுதான் செஞ்சீங்களா, அங்கிள்?”

மாடசாமி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

“மந்திரி இல்லாத படத்தை அப்ப பேப்பர்ல போட மாட்டாங்க, பாப்பா. ஆனா எங்க நிக்கட்டும்னு எல்லா மந்திரியும் என்னைத்தான் கேட்டாங்க.”