வீட்டுக்கே வந்த கவரேஜ்

“சிம்ம மாத்த வேணாம்னா வேணாம். என்னய விடு தம்பி” என்றாள் நாகலெட்சுமி.

தர்ஷனுக்கு எரிச்சலாக வந்தது. மஸ்கெலியா டவுனுக்குப் போய் அம்மாவுக்குப் புது போனும் புது சிம்மும் வாங்கி வந்திருந்தான். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வேறொரு கம்பெனிக்காரன் டவர் நட்டு ஒரு மாதமாகிறது. அந்த சிம்மைப் போட்டால் அடுப்படியில் நின்றாலும் கவரேஜ் முழுசாகக் காட்டுகிறது. பழைய சிம்முக்கு ஏழாம் நம்பர் மலையின் உச்சிப் பாறைக்கு ஏறினால்தான் உயிர் வரும்.

வெள்ளிக்கு வெள்ளி நாகலெட்சுமி ஏறினாள். பகல் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்ததும் ரப்பர் வளையம் போட்ட பழைய போனை முந்தானையில் முடிந்துகொண்டு, வலிக்கிற முழங்காலோடு மறுபடி மலைக்குப் போவாள். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் பூரணி அன்றைக்குத்தான் பேசுவாள். வீட்டுக்காரர்கள் வெளியே போகும் அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் அவள் போன் திறந்திருக்கும்.

மழையில் நனைந்து, காலில் அட்டைக்கடியோடு இறங்கி வருகிறவளைப் பார்த்து, “சிக்னல் சாமிக்கு நேர்த்தி போல” என்று லயத்தில் கேலி பேசினார்கள்.

“ஒரு மகன் இருந்தும் ஆத்தாள மலையில ஏத்தி விட்டிருக்கான்னு என்னயத்தான் பேசுறாங்க” என்றான் தர்ஷன்.

“பேசுறவங்க பேசட்டும்.”

“அப்பாவுக்கு இழுப்பு, ஏற முடியாது. எனக்கு பேக்டரி வேல. அக்கா கொரலக் கேட்டே மாசக்கணக்காச்சி.”

“நல்லா இருக்கான்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வந்து சொல்றேனே.”

“இந்த மாசத்தோட ரெண்டு வருசம் முடியுது. இன்னும் ரெண்டு வருசம் நிப்பாளா, வருவாளான்னு அந்த வீட்டம்மா இந்த வெள்ளிக்குள்ள பதில் கேட்டிருக்கே. அக்கா அனுப்புற காசுலதானே நான் த்ரீவீல் வாங்கணும். நானும் பேச வேணாமா?”

“நான் பேசிக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

நல்லது செய்கிறவனுக்கு இருக்கும் அவசரம் கெட்டது செய்கிறவனுக்குக்கூட இருக்காது. வியாழக்கிழமை அம்மா பீலித் தண்ணீரில் குளிக்கப் போன நேரம் பார்த்து, தர்ஷன் புது நம்பரை அக்காவுக்கு மெசேஜ் போட்டான். பழைய சிம்மைக் கழற்றி அடுப்பில் எறிந்தான். அம்மா ரெண்டு நாள் முறைப்பாள், மூன்றாம் நாள் ஊரெல்லாம் மகன் பெருமை பேசுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நிறுவை முடிந்து வந்தவள், பழைய போனை எடுத்து, திறந்து, சிம் இல்லாததைப் பார்த்து, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அதற்குள் புது போன் அடித்தது.

தர்ஷன் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தான். கட்டிலில் கிடந்த நல்லமுத்து மகள் குரல் கேட்க எழுந்து உட்கார்ந்தார். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, அது கூரைவரைக்கும் போகாது. இந்த வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு’ என்பார்கள்.

“அம்மா, எங்கம்மா நிக்கிற?” முதல் கேள்வியே அதுதான்.

“வீட்லதான் புள்ள. அப்பா, தம்பி எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“பேசுக்கா. கவரேஜ் நல்லாத்தான் இருக்கு” என்றான் தர்ஷன்.

“நான் நல்லா இருக்கேன் தம்பி. அப்பா, இழுப்பு எப்பிடிப்பா இருக்கு? மருந்து குடிக்கிறியா?”

நல்லமுத்து போனுக்குக் கிட்டக் குனிந்தார். “எனக்கென்னடா, நீ சந்தோசமா இருந்தாப் போதும்.”

“அக்கா, இன்னும் ரெண்டு வருசம் நிப்பதானே?” என்றான் தர்ஷன்.

“நிக்கிறேன் தம்பி. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுர்றேன்” என்று சொல்லி போனை வைத்தாள்.

“தங்கமான புள்ள” என்றார் நல்லமுத்து.

“குடுத்து வச்சவங்க” என்று சுவருக்கு மேலே பக்கத்துக் காம்பராவின் குரல் வந்தது.

தர்ஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பாத்தியாம்மா? இதுக்குப் போயி ரெண்டு வருசமா மல ஏறுனியே.”

நாகலெட்சுமி அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். பேச்சு லயத்துக்குக் கேட்காத தூரத்தில், தேயிலை ஓரமாக நின்றாள்.

“அந்த வீட்ல அவள அடிக்கிறாங்க தம்பி. சூடும் வச்சிருக்காங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா இழுப்புலயே போயிருவாரு, தம்பிக்குத் தெரிஞ்சா த்ரீவீலே வேணாம்னுருவான், சொல்லிறாதம்மான்னு சத்தியம் வாங்கியிருந்தா. லயத்துல நின்னு கேக்குற பேச்சா அது? சத்தியமாவது ஒன்னாவது, கெளம்பி வா, இங்க உள்ள ஆம்பளைங்கள நான் பாத்துக்கிறேன்னு இன்னைக்கு மல மேல நின்னு சொல்ல இருந்தேன்.”

தர்ஷன் அவசரமாக அக்காவின் நம்பரை அழுத்தினான். போன் அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

“பேசி முடிச்சா அணைச்சிருவா, இனி அடுத்த வெள்ளிதான் தெறப்பா. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டிருப்பா” என்றாள் நாகலெட்சுமி.

“அம்மா, நல்லா இருக்கேன்னு அவ வாயாலதானே சொன்னா?”

“ஆமா. இந்த ரெண்டு வருசத்துல அவ அப்பிடிச் சொல்லி நான் கேட்டது இன்னைக்குத்தான்.”