முதல் டம்ளர்

"தெருமுனை வரைக்கும் பட்டை வாசனை தூக்குதுங்க. உங்களுக்கு?" என்றாள் மனைவி.

அவர் இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை அவருக்கு. கோப்பையை மோந்தே எந்த மாதம் பறித்த இலை என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்குப் பெயரே 'மூக்கு சார்'தான். நான்கு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

டாக்டர் கையை விரித்துவிட்டார். மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வருஷக் கடைசி லீவு முடியறதுக்குள்ள ஒரு நல்ல சேதி சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆள்தான்" என்று சொல்லிவிட்டார். லீவு இன்றோடு முடிகிறது.

அந்த லீவில் ஒருநாள் ஆப்பிள் சாறு காய்ச்சி, மசாலா இடித்துப் போட்டுச் சுடச்சுடக் குடிப்பது அந்த வீட்டு வழக்கம். முதல் டம்ளர் அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு குடித்து, என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் வேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். மனைவி கேட்கவில்லை.

பின்பக்கம் மகள் 'டொக் டொக்'கென்று இடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பானைக்காக இருக்கும் என்று நினைத்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. அடுக்களை மேடையில் ஆவி பறக்க இருந்த டம்ளரை எடுத்து வந்து நீட்டினாள்.

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

"பட்டை... இஞ்சி... ஆரஞ்சுத் தோல்" என்றார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "கிராம்பு இருக்கு. ஆனா போன வருஷத்தை விடக் கம்மி."

"ஐயோ, நான்தாங்க காலையில இங்கேயே வச்சு அவகிட்ட குறைக்கச் சொன்னேன்!"

நான்கு மாத அழுகையையும் சேர்த்து அழுதாள் அவள். அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

"இரு, அவசரப்படாத. சாயங்காலம் சொல்லிக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க!" அதற்குள் மறுமுனையில் மேனேஜர். "சார், இவருக்கு மூக்கு வந்துடுச்சு சார்! நாளைக்கே வேலைக்கு வந்துடுவார்!"

போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன உரலைக் கையில் ஏந்திக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். மேடையைப் பார்த்தாள்.

"சர்க்கரை சரியா இருக்கான்னு பார்க்க ஒரு டம்ளர் ஊத்தி வச்சிருந்தேனே, யாரும்மா எடுத்தது? இனிமேதான் மசாலாவே போடணும்."