சொன்னபடி கேட்கும் வீடு

“லைட்டப் போடு!”

கூடத்து நடுவில் நின்று உத்தமன் உரக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. வீடு வாங்க வந்திருந்த அரவிந்தன், சுவரெல்லாம் சுவிட்ச்சைத் தேடினான்.

“சுவிச்சே கெடையாது சார். எல்லாம் அலமாரி மேல கீற அந்தப் பொட்டிதான். வாயால சொன்னா போதும்.”

இந்த வீடு விற்றால்தான், கரையான்சாவடியில் மகள் வீட்டுக்கு எதிரில் பார்த்துவைத்த ஃப்ளாட் கைக்கு வரும். ஒரு காலத்தில் சேக்காட்டிலேயே முதலில் மோட்டார் போட்ட வீடு என்று இதற்குத் தனி மவுசு. அப்புறம் போன் வந்ததும் மதிப்பு இன்னும் ஏறியது. இப்போதோ நான்கு பேர் வந்து பார்த்து, ‘பழைய வீடு’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீடும் இதே வயசுதான். சொன்னால் எரியும் விளக்குக்காகவே பத்து லட்சம் கூடப் போனது. வயிற்றெரிச்சல் தாங்காமல் இவரும் ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டார்.

“ஃபேன் ஆன்,” என்றான் அரவிந்தன், மெதுவாக.

ஃபேன் அசையவில்லை. உத்தமன் முந்திக்கொண்டார்.

“சத்தமா சொல்லு சார். அதுக்கு நம்ம பாஷதான் புரியும்.”

“ஃபேனப் போடு!”

சுற்றியது.

“ரொம்ப வேகம். கொஞ்சம் கம்மி பண்ணு.”

குறைந்தது. அரவிந்தன் அசந்துபோனான்.

“எங்க வீட்டுல இருக்கறதுகிட்ட செந்தமிழ்ல கெஞ்சினாலும் பாட்டுதான் போடுது. இது எந்தக் கம்பெனி?”

“பட்டாபிராம்ல எடுத்தது சார். இதுவரைக்கும் ரிப்பேருன்னு ஒக்காந்ததே இல்ல.”

“நீங்க சொன்ன விலையே சரி. பேரமே வேண்டாம். ஆனா ஒண்ணு, லைட்டு போடற இந்த மிஷினும் வீட்டோட எனக்கு வந்துடணும். அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க.”

உத்தமன் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. உத்தமன் பேசும் தமிழில் ஒரு வார்த்தைகூட அந்தப் பெட்டிக்குப் புரியாததால், கூடத்துச் சுவிட்ச்சுகளை எல்லாம் அவர் சமையலறைக்கு மாற்றியிருந்தார். அவற்றின் முன்னால் அவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்த அவர் மனைவி கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“இன்னாய்யா, ஊட்டோட சேத்து என்னியும் எய்திக் குடுக்கப் போறியா?”