கோணல் சக்கரம்

காளை குனிந்து பார்த்தார். கடையிலிருந்த அந்தச் சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களும் மேலே நெருங்கி, கீழே விரிந்து, காலை அகட்டி நிற்கிற குடிகாரன் மாதிரி நின்றன.

"அச்சு போன வண்டியை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களாம்மா?"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "அது கோணல் இல்லண்ணா. விளையாடுறதுக்குன்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. வேகமா திரும்பினாலும் கவிழாது."

காளை நம்பவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து சந்தையில் மூட்டை வண்டி இழுக்கிறவர். காளை என்ற பெயரே அப்படி வந்ததுதான். சக்கரம் இப்படி அகன்று நின்றால் வண்டி அடுத்த மேட்டில் படுத்துவிடும் என்பது அவர் முதுகுக்குத் தெரியும்.

ஓர் உதை விட்டுப் பார்த்தார். நாற்காலி நகர்ந்ததே தவிர ஆடவில்லை.

"அப்பா, உதைக்காதீங்க" என்றாள் மகள், தன்னையே உதைத்த மாதிரி.

அவள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்தே ஊன்றாத கால். பள்ளி மைதானத்தில் சாயங்காலம் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள், இந்த மாதிரி ஒன்று இருந்தால் நீயும் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

காளையின் கண் வேறொன்றில் இருந்தது. சுவரோரம் லட்சணமாக நின்றது அது. மெத்தென்ற இருக்கை, கை வைக்கக் கட்டை, இடுப்புக்கு வார், பின்னாலிருந்து தள்ள இரண்டு பிடி.

"இந்தக் கோணல் வண்டியில பிடியே இல்லையேம்மா."

"எனக்குப் பிடிச்சிருக்கேப்பா."

வாய் மட்டும் அப்படியே அவள் அம்மா. அவர் பேச்சை மாற்றினார். "முன்னால எதுக்கு இந்த இரும்புக் குழாய்?"

"ஆட்டத்துல நாற்காலியும் நாற்காலியும் இடிச்சுக்கும்லண்ணா, அதுக்குத்தான்" என்றாள் கடைக்காரப் பெண்.

காளை மகளைத் திரும்பிப் பார்த்தார். முட்டைக் கூடையை ஏந்துவது போல ஏந்தி வளர்த்த பிள்ளை. காசு கொடுத்து இடி வாங்குவதா?

"அதெல்லாம் வேணாம். சுவரோரம் நிக்குதே, அதை எடுங்க."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"அதுல போனா அங்கயும் நான் ஒப்புக்குச் சப்பாணிதான்."

காளைக்குச் சுருக்கென்றது. "எவன் சொன்னான் உன்னைச் சப்பாணின்னு? பேரைச் சொல்லு. பல்லைக் கழட்டிடுறேன்."

"ஐயோ அப்பா!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "காலைச் சொல்லல, ஆட்டத்தைச் சொல்றேன். ஓடிப்பிடிச்சு விளையாடும்போது என்னையும் சேத்துக்குவாங்க. ஆனா என்னைத் தொட்டா நான் அவுட் இல்ல. நான் தொட்டாலும் யாரும் அவுட் இல்ல. எனக்கு அடிபட்டுடும்னு எல்லாரும் சுத்திப் போயிடுவாங்க. நீங்க சின்ன வயசுல ஆடினதே இல்லையா?"

ஆடியிருக்கிறார். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் நண்டு சிண்டுகளை அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள், அழாமல் இருக்கட்டும் என்று. அதுகளும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும், தாங்களும் ஆடுகிறோம் என்று நம்பிக்கொண்டு.

நம்பிக்கொண்டுதான் நின்றன என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

கடையின் பின்பக்கம், நாற்காலிகளை ஓட்டிப் பார்க்க ஒரு சிமெண்ட் முற்றம் இருந்தது.

"சரி, கோணல் வண்டியில ஏறு" என்றார் காளை. "நான் உன்னோடதுல உக்காருறேன். வந்து இடி, தாங்குதா பாப்போம். நாற்காலியைச் சொன்னேன்."

கடைக்காரப் பெண் தூக்கிவிட வருவதற்குள் மகள் கையை ஊன்றித் தானே மாறிக்கொண்டாள். பழைய நாற்காலிக்குள் இடுப்பை நுழைப்பதற்குள் காளைக்குத்தான் பெரும்பாடாகிவிட்டது. சக்கரம் வைத்ததை இழுத்துப் பழகிய உடம்பு. உட்காரத் தெரியவில்லை.

மகள் முற்றத்தின் மறுகோடிக்குப் போனாள். அங்கே ஒரே சுழற்றலில் திரும்பினாள். அந்தக் கோணல் சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பிய அழகை வண்டிக்காரர் கண் தவறவிடவில்லை.

அதற்குமேல் பார்க்க நேரமில்லை.

இரும்பும் இரும்பும் மோதின. காளை நாற்காலியோடு பின்னால் ஓடிச் சுவரில் முட்டினார். முழங்கையில் தோல் வழன்றது.

பதறிப்போய் அவளைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதையே எடுத்துக்கிறோம்மா" என்றார், ஓடி வந்த கடைக்காரப் பெண்ணிடம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னா இடி! மூட்டை சரிஞ்சு மேல விழுந்த மாதிரில்ல இருந்துச்சு!"

மகள் பக்கத்தில் வந்து அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரப் பெண் காதில் விழாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மெதுவாத்தான்ப்பா இடிச்சேன். கிட்ட வந்ததும் சக்கரத்தைப் பிடிச்சுட்டேன். உங்களுக்கு அடிபட்டுடக் கூடாதுல்ல."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

காளை முழங்கையை விடுவித்துக்கொண்டார். நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்தி முற்றத்தின் நடுவில் நிறுத்தினார். இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்தார்.

"திரும்பப் போ, அந்தக் கோடிக்கு" என்றார். "இந்தத் தடவை பிடிக்காம வா."