பெரிய டயருக்கு எவ்வளவு காற்று?

ஜீப்பில் புதிதாக மாட்டிய டயர்கள் இடுப்புயரம் இருந்தன. இறங்கியவன் டயர் கடைக்காரியை மேலும் கீழும் பார்த்தான்.

"நாளைக்கு மணல்மேட்டுல பந்தயம். காத்து எவ்வளவு வைக்கலாம்?"

"பதினஞ்சு போதும். காத்து குறைஞ்சாதான் டயர் பரந்து நிக்கும், மணல்ல புதையாது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சின்ன டயருக்கே முப்பது வச்சேன். இதுக்குப் பதினஞ்சா? உனக்கு எப்பத்தான் மூளை வளருமோ! நாப்பது பிடி."

"வேண்டாங்க, சொன்னா கேளுங்க. வண்டி மாட்டிக்கும்."

"நாப்பதுன்னா நாப்பது!"

நான்கு டயருக்கும் நாற்பது பிடித்தாள். கேஜில் முள் நின்ற இடத்தை அவனுக்கே காட்டினாள். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

உள்ளேயிருந்து அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "ஊர்ல வேற கடையே இல்லாத மாதிரி இங்க வந்து பீத்திக்கிறான். அவன் மூக்க உடைக்காம விடமாட்டேன்னு சபதம் போட்டவ, அவனுக்குப் போய்ச் சரியான அளவச் சொல்றியே!"

"எட்டு வருஷம் அவனோட குடும்பம் நடத்தினவ நான். நான் சொன்னத ஒரு நாளாவது கேட்டிருக்கானா? நாப்பதுன்னு சொல்லியிருந்தா, பதினஞ்சு பிடிக்கச் சொல்லியிருப்பான்."

சொல்லிவிட்டுக் கடையின் பின்பக்கம் போனாள். பந்தய எண் ஒட்டி நின்றிருந்த தன் ஜீப்பின் முன் குந்தினாள். ஒவ்வொரு டயராக, பதினைந்து வரும்வரை, நிதானமாகக் காற்றை இறக்கினாள்.