பால் ஊற்றாத மண்

யானைகள் இன்றும் வந்துவிட்டன.

வெயில் சாயக்கூட இல்லை. வேலிக்கு அப்பால் வரிசையாக நின்றன.

வாழை தின்ன வரவில்லை. புதிதாக நட்ட கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றன.

பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்வில் படவில்லை.

கன்றுகளுக்கு அடியில் ஒரு கொம்பன் யானை கிடக்கிறது.

காட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் யானைத்தடத்தை மறித்து மகன் தண்டபாணி கம்பிவேலி போட்டான். அதில் திருட்டு மின்சாரமும் கொடுத்தான். விடிந்து பார்த்தபோது கொம்பன் வேலியோரம் சாய்ந்திருந்தது. பொக்லைன் வந்து குழி தோண்டியது, மூடியது, மேலே கன்று நட்டது எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்தது.

தந்தத்தை மட்டும் யாரும் தொடவில்லை. நாம் என்ன திருடர்களா என்று அவர்தான் தடுத்தார்.

அந்த வீட்டில் மாடு செத்தாலும் பால் ஊற்றித்தான் அனுப்புவார்கள். காவல் நாய்க்கும் ஊற்றியிருக்கிறார்கள். அன்றும் அவர் சொம்போடு கிளம்பினார். மகன் குறுக்கே வந்து நின்றான்.

“பாலை ஊத்துனா ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிருமுங்கப்பா. நம்ம குடும்பப் பேரு என்னாகறது?”

குடும்பப் பேர் என்றதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து காப்பி இறங்கவில்லை. பாலில் மண் வாசம் அடிக்கிறது.

இப்போது வாசலில் வனத்துறை ரேஞ்சர் நிற்கிறார். கூட்டத்தில் கொம்பனைக் காணவில்லையாம். தண்டபாணி அவருக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தான். வேலியில் மின்சாரம் இல்லை. ஒயரைக் கழற்றி ஒளித்தாயிற்று.

“பெரியவங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க,” என்றார் ரேஞ்சர். “உங்க வீட்டுச் சொல்லுக்கு மேல நான் ஒண்ணுங் கேக்கப்போறதில்ல.”

பெரியவர் வேலிப் பக்கம் திரும்பினார்.

ஒரு பெண்யானை கம்பியை மிதித்துச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தது. கன்றுகளின் நடுவே நின்றது. ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. துதிக்கையால் மண்ணைத் தடவியது. கொஞ்சம் அள்ளியது. அள்ளிய மண்ணை அங்கேயே மெதுவாக விட்டது.

இழவு வீட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த உறவுக்காரியைப் போல.

“வாழைன்னா போதுஞ் சார், இதுகளுக்கு நேரங்காலமே கெடையாது,” என்று தண்டபாணி சிரித்தான்.

ரேஞ்சர் சிரிக்கவில்லை.

பெரியவர் எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது மேலே சட்டை இல்லை. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கையில் பித்தளைச் சொம்பு. தளும்பத் தளும்பப் பால்.

“அப்பா, எங்கீங்க போறீங்க?”

வாசல் இறங்கி வரப்பில் நடந்தார். பின்னால் அரிவாள் சத்தம் நின்றுபோனது.

யானை விலகவில்லை.

அவரும் நிற்கவில்லை.